இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்

எங்கள் லொறி எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வாங்கும்போதே மீற்றர் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடமாக என் கணவர் உன்னிச்சை வயல் வட்டைகளிலிருந்து அதில் நெல் ஏற்றினார். போன வருடம் அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கத் தொடங்கியது. ஆனதும் ஒரே வெள்ளைப் புகை. மேட்டில் இழுவையும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் எஞ்சின் முடிந்தது என்றார்கள்.

"வேற எஞ்சின் போடத்தான் வேணும்," என்றார் கணவர்.

"திறந்து பாக்காம எப்பிடித் தெரியும்?"

"கொம்பிரஷன் பாத்தாத் தெரியும்."

அது என்னவென்று கேட்டேன். சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். எனக்குத் தையல்தான் தொழில். அன்றைக்குத் தைக்கவிருந்த இரண்டு சட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு நானும் லொறியில் ஏறிக்கொண்டேன்.

குருக்கள்மடத்தில் தெருவோரக் கராஜ் அது. மெக்கானிக்குக்கு என் தம்பி வயது இருக்கும். எஞ்சின் ஆறுவதற்குள் டீசல் வரும் வழியை அடைத்தார். சிலிண்டர்களுக்குள் டீசல் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். பிறகு அவை இருந்த துளைகளில் முதலாவதில், முள் வைத்த கேஜ் ஒன்றை முறுக்கினார்.

"தம்பி, இது எதை அளக்குது?"

"பிஸ்டன் மேல வரக்குள்ள உள்ள காத்த நெரிக்கும் அக்கா. டீசல் எஞ்சினுக்குப் பொறி தட்டுற சாமான் இல்ல. நெரிச்ச காத்துச் சூட்டிலதான் டீசல் பத்தும். காத்து ஒழுகினா சூடு காணாது."

வெறும் காற்றின் சூட்டிலா இத்தனை மூட்டை நெல் ஊரூராகப் போனது? நான் அந்தச் சின்னத் துளையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

கணவர் ஆசனத்தில் இருந்து ஸ்டார்ட் பண்ணும் திறப்பைத் திருப்பினார். ஒவ்வொரு துளைக்கும் ஆறேழு சுற்று. மெக்கானிக் எண்ணைச் சொல்ல, நான் ஒரு அட்டைத் துண்டில் எழுதினேன். முந்நூற்று எண்பது. இருநூற்றைம்பது. இருநூற்று முப்பது. இருநூற்றுத் தொண்ணூறு.

"மூண்டு சிலிண்டர் போயிட்டு. அண்ணன் சொன்னதுதான்," என்றார் மெக்கானிக்.

கணவர் திறப்பிலிருந்து கையை எடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். முதல் துளைக்கு எஞ்சின் விறுவிறென்று சுற்றிய சத்தம், கடைசித் துளைக்கு வரும்போது இழுபட்டுப் போயிருந்தது. "தம்பி, பற்றரி களைச்சாலும் இந்த எண் குறையுமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பற்றரியைப் பார்த்தார். "குறையும்தான் அக்கா. நான் கவனிக்கல்ல."

"செத்த எஞ்சினுக்கு ரெண்டாந்தரம் நாடி பாக்கிறயா கா?" என்றார் கணவர். ஆனால் கராஜுக்குப் பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தின் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

இம்முறை கேஜை நான் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முள் துள்ளித் துள்ளி ஏறியது. முந்நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றைம்பது. மறுபடியும் இருநூற்றைம்பது. கடைசியில் முந்நூற்று எண்பது.

"ரெண்டாவதும் மூண்டாவதும் மட்டுந்தான் குறைவு. ரெண்டும் ஒரே எண்," என்றேன்.

மெக்கானிக் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர். இடையில அடைக்கிற காஸ்கட் தகடு எரிஞ்சிருக்கும் அக்கா. ஒண்டு நெரிக்கிற காத்து மத்ததுக்குள்ள போகுது."

"மத்த ரெண்டும்?"

"கிழடுதான். புதுசெண்டா இன்னும் கூட வரும். ஆனா ஓடும்."

கணவர் இறங்கி வந்தார். "நீ போய்த் திறப்பத் திருப்பு. நானும் ஒருக்காப் பாக்கிறன்," என்றார்.

இரண்டு நாள் கழித்து எஞ்சினின் மூடியைக் கழற்றியபோதும் நான் அங்கே நின்றேன். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையில் காஸ்கட் விரல்நுனி அகலத்துக்குக் கருகி அறுந்திருந்தது. மெக்கானிக் மூடியின் அடியைச் சமப்படுத்தி வாங்கி, புதுக் காஸ்கட் போட்டார். வேறெதையும் தொடவில்லை.

அறுவடைக்கு லொறி போனது. இப்போதும் கொஞ்சம் புகைதான். ஆனால் காலையில் இரண்டாவது தடவையில் ஸ்டார்ட் ஆகிவிடும். முதல் நெல் ஏற்றத்துக்கு நானும் கூடப் போனேன். வழியில் கணவரிடம் கேட்டேன், "எஞ்சின முதல்ல சுத்துறது பற்றரி. அப்ப பற்றரிய நிரப்புறது எது?"

"டைனமோ," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "அது எப்பிடி வேல செய்யுதெண்டு மட்டும் என்னட்டக் கேக்காத கா," என்றார்.