ஆட்டுக்கு விடை கொடுத்த கதை

பெண் பார்க்க வந்த அன்று கிளிஃபர்ட் என்னிடம் தனியாகப் பேசியது மொத்தம் ஆறு நிமிடம். அதில் நாலு நிமிடம் வைட்ஃபீல்ட் ட்ராஃபிக்குக்குப் போயிற்று. மிச்சமிருந்த நேரத்தில், "நான் வீடியோ கேம் ஆடுவேங்க. நெறைய ஆடுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது" என்றான். இது ஒரு குறையா என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். நாள் முழுக்க நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். சாயங்காலமும் வீட்டில் ஒரு நாலாம் வகுப்புக் காத்திருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

செப்டம்பரில் கல்யாணம். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோவில் அரை மணி நேரம்தான். என் அம்மாவோ நான் கப்பல் ஏறுவதைப் போல அழுதாள். அழுகையின் நடுவிலும் என் காதில், "மாமியார் இல்லாத வீடு நிக்கோல், நீ குடுத்து வச்சவ" என்று சொல்ல மறக்கவில்லை. ரிசப்ஷனில் பிரியாணி சாப்பிட்ட அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். கிளிஃபின் அம்மா ஃபாத்திமா பிப்ரவரியில் இறந்துபோயிருந்தார். பொம்பளை இல்லாத வீடு என்று சொந்தக்காரர்கள் நெருக்கித்தான் இந்தக் கல்யாணமே அவசரமாக நடந்தது. நான் என் மாமியாரைப் பார்த்ததே இல்லை. ஹாலில் மாலை போட்ட படத்தில் மூக்குக்கண்ணாடியோடு, யாரோ ஃபேனை நிறுத்தாமல் போய்விட்டதைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் மிச்சமிருந்தவர் என் மாமனார் யூஜின். நல்ல மனிதர். டாடி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் எதிரில் கிளிஃபை நான் 'நீங்க' என்பேன், கதவைச் சாத்தினால் 'நீ', கேம் ஆடும்போது அதற்கும் கீழே. ஏனென்றால் நானும் ஆட ஆரம்பித்திருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டல் நடத்தும் ஒரு கேம் இருக்கிறது. ஒருவர் வெங்காயம் நறுக்க வேண்டும், ஒருவர் தட்டுக் கழுவ வேண்டும். நிஜத்தில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து சிங்க்கில் போடாத என் புருஷன், அதில் தட்டுக் கழுவும் வேகத்தைப் பார்த்தால் வயிறு எரியும். இருந்தாலும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். எங்களுக்குத் தேனிலவு என்று தனியாக ஒன்றும் இல்லை. அந்த ஓட்டல்தான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடியது. கிளிஃபும் டாடியும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் பேசிக்கொள்ளவும் இல்லை. "பால் வந்துச்சா?" "வந்துச்சு." அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, சும்னே" என்றான். சும்மா என்பதற்குக் கன்னடம். பெங்களூர்க்காரன் சும்னே என்றால் உள்ளே ஒரு லாரி மணல் கிடக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபரில் எனக்குத் தசரா லீவு வந்தது. கிளிஃப் ஆபீஸ் போனபிறகு பொழுது போகாமல் அவனுடைய கேம் கன்சோலைக் குடைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற டாடி, திரையின் மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தைக் காட்டி, "அது உன் மாமியோட ஊரும்மா" என்றார்.

அப்போதுதான் கதை தெரிந்தது. ஃபாத்திமா இருபத்தேழு வருடம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தவர். ரிட்டையர் ஆனதும் முழங்கால் ஆபரேஷன். உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடித்த மனுஷியை உட்கார வைக்க மகன் இந்தக் கேமை வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஒரு குட்டிக் கிராமம். மரம் நடலாம், மீன் பிடிக்கலாம். அக்கம்பக்கத்தில் குடியிருப்பதெல்லாம் பேசும் மிருகங்கள். நம் கடிகாரமும் அந்த ஊர்க் கடிகாரமும் ஒன்று. இங்கே விடிந்தால் அங்கேயும் விடியும். "எல்லாரும் லீவு விட்டா ஊருக்குப் போறாங்க. ஆஸ்டின் டவுன்ல பொறந்து ஆஸ்டின் டவுன்லயே வாக்கப்பட்ட எனக்கு ஏது ஊரு? இதான் என் ஊரு" என்பாராம். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் முதல் வேலை ஊருக்குப் போவதுதானாம்.

"இவன் அத தொடறதே இல்ல" என்றார் டாடி. மாதாமாதம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அம்மாவின் கல்லறையில் ஒரு புல் விடாமல் பிடுங்கிவிட்டு வருகிறவன் கிளிஃப். அந்த ஊரில் எட்டு மாதப் புல் மண்டிக் கிடந்தது. நான் உள்ளே போனேன்.

போனால், நான்தான் மாமியார்! குள்ளமாக, மூக்குக்கண்ணாடியும் கொண்டையுமாக அந்த ஊர் ஃபாத்திமா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். வெளியே வந்ததும் ஓர் ஆடு ஓடி வந்தது. பெயர் கிளாரா. "ஃபாத்திமா! எட்டு மாதமாக எங்கே போனாய்? என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தது: "sweater potiya?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாடி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மிருகங்களுக்கு நாம் ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தால் எந்த வாக்கியம் பேசினாலும் அதைச் சேர்த்துச் சொல்லுமாம். மாமியார் ஆட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. மகன் இருபத்தைந்து வயதிலும் வாசலைத் தாண்டும்போது அவர் கேட்ட கேள்வி. கடல் இன்று அழகாக இருக்கிறது, ஸ்வெட்டர் போட்டியா? எனக்குப் பசிக்கிறது, ஸ்வெட்டர் போட்டியா?

மூன்று நாளில் புல்லையெல்லாம் பிடுங்கினேன். கிளிஃபிடம் சொல்லவில்லை. ஊர் பளிச்சென்று ஆனபிறகு காட்டி அசத்தலாம் என்று எண்ணம். ஆட்டோடு நல்ல சிநேகிதமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் ஸ்வெட்டர் போட்டியா என்று கேட்ட ஒரே ஜீவன் அதுதான் என்றால் சிரிக்கக் கூடாது.

திங்கட்கிழமை ஆடு கொஞ்சம் யோசனையோடு நின்றது. "இந்த ஊரை விட்டுக் கிளம்பலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?" கீழே இரண்டு பதில்கள். ஒன்று, போகாதே. இன்னொன்று, சந்தோஷமாகப் போய் வா.

இங்கேதான் என் வளர்ப்பு என்னைக் கவிழ்த்தது. நாங்கள் தினமும் ஜெபமாலை சொல்லும் குடும்பம்தான். ஆனால் இதில் மட்டும் என் அம்மா படு கறார். கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டவரைத் தடுக்கக் கூடாது, எங்கே என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. சிரித்த முகமாகப் போய்ட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். மீறினால் போகிற காரியம் கெடும். கை தானாக இரண்டாவது பதிலை அழுத்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் ஆட்டின் வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். "எல்லாம் கட்டியாயிற்று. நாளைக்குக் கிளம்புகிறேன். ஸ்வெட்டர் போட்டியா?" எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாயங்காலம் ஆபீஸ் பையை இறக்கி வைத்த கிளிஃபிடம் ஊரைச் சுத்தம் செய்ததைச் சொல்லி, ஆட்டுக்கு டாட்டா காட்டியதையும் பெருமையாகச் சொன்னேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கிளாராவா? கிளாராவ போகச் சொன்னியா?"

"அதுவேதானே கேட்டுது..."

"கேட்டா? கேட்டா சொல்லிடறதா? அது போயிட்டா திரும்பி வராது நிக்கி! மம்மி சொல்லிக்குடுத்தது அது ஒண்ணுக்குத்தான். ஒலகத்துலயே அந்த வார்த்தைய சொல்றதுக்கு இனிமே யாரு இருக்கா? உன்ன யாரு தொடச் சொன்னது?"

கல்யாணமாகி ஐந்தாவது வாரத்தில் எங்கள் முதல் சண்டை. ஓர் ஆட்டுக்காக. எனக்கும் கோபம் வந்தது. எட்டு மாதம் எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது என்ன ஆத்திரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் கன்சோலின் முன்னால் போய் உட்கார்ந்தான். மூட்டை கட்டிய ஆட்டைத் தடுக்க அந்தக் கேமில் வழியே இல்லை. ஆனால் என் புருஷனுக்கு வேலையே சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான். கன்சோலின் தேதியைப் பிடித்து நிறுத்திவிட்டான். நாளை என்று ஒன்று வந்தால்தானே ஆடு போகும்?

ஆக, புதன்கிழமை எங்கள் வீட்டு டிவியில் மட்டும் செவ்வாய்க்கிழமை. வியாழனும் செவ்வாய். ஆபீஸிலிருந்து வந்ததும் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டு ஆட்டின் வீட்டுக்குப் போவான். "எல்லாம் கட்டியாயிற்று. நாளைக்குக் கிளம்புகிறேன். ஸ்வெட்டர் போட்டியா?" அதே வரி. கேட்டுவிட்டு மூடிவிடுவான். அவனுடைய துப்பாக்கிக் கேம் எதுவும் ஓடவில்லை. தேதி தப்பு என்று சர்வர் வெளியே தள்ளியது. அவன் கூட்டாளி க்ளென் போனில், "மச்சா, நீ இல்லாம எங்கள அடிச்சுத் தொவைக்கறாங்கடா, தேதிய மாத்துடா" என்று கெஞ்சினான். கிளிஃப் அசையவில்லை. நான் இரண்டு நாளாக மன்னிப்புக் கேட்டு, மூன்றாவது நாள் சலித்துப்போய் விட்டுவிட்டேன். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாடி ஹாலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்று திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஆடு நாலு நாளா மூட்டை கட்டிட்டே நிக்குதே, போகலியா?"

கிளிஃப் தேதியை நிறுத்தி வைத்திருப்பதைச் சொன்னேன்.

"ஓ. நாற்காலியக் கூடப் பெட்டில போட்டுடுச்சே. பாவம், கால் வலிக்காதா?" என்று கேட்டுவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை. முழங்கால்காரியோடு குடித்தனம் நடத்தியவருக்கு வரும் கேள்விதான் அது.

கிளிஃபின் கை கன்ட்ரோலரில் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் மெதுவாகப் பேசினான்.

"ஐசியூல ஒம்பது நாள் வச்சிருந்தோம் நிக்கி. மூணாவது நாளே டாக்டர் சொல்லிட்டாங்க, இனிமே ஒண்ணும் இல்லன்னு. மெஷின எடுத்துடலாமான்னு தெனம் கேப்பாங்க. நான் நாளைக்கு சொல்றேன், நாளைக்கு சொல்றேன்னு தள்ளிட்டே இருந்தேன். மம்மி அப்படியே கெடந்தாங்க. ஒம்பதாவது நாள் என்னக் கேக்காமலே டாடி கையெழுத்துப் போட்டுட்டாரு."

பேப்பர் சலசலக்கும் சத்தம் நின்றது. எட்டு மாதமாக இந்த வீட்டில் கிடந்த மணல் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறானே என்று நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் நாளிலிருந்து அவன்மேல் எனக்குப் பிரியம்தான். ஆனால் இந்த மனுஷனைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது அந்த நிமிடம்.

கிளிஃப் கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.

"தேதிய நீயே சரி பண்ணிடு. எனக்குக் கை வரல."

"நெஜமாவா? அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன். மாத்து."

இன்றைய தேதியைப் போட்டேன். ஊர் திறந்தது. ஆட்டின் வீடு இருந்த இடத்தில் வெறும் மண். வேலியோரம் காலி மனை என்று ஒரு பலகை. மரமெல்லாம் அப்படியே இருந்தது. கிளிஃப் அந்த வெற்று மனையைப் பார்த்து, "போய்ட்டு வாங்க மம்மி" என்றான். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பார்த்தே இராத மாமியாருக்காக மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். துப்பட்டா போதவில்லை.

அவன் திரும்பி உட்கார்ந்தான். "டாடி, அன்னைக்கு நீங்க பண்ணது சரிதான். நான்தான்..." என்றான்.

டாடி பேப்பரை மடித்தார். இரண்டாக, நாலாக, எட்டாக, இனி மடிக்க முடியாது என்கிற வரைக்கும் மடித்தார்.

"உன்னக் கேக்கலன்னு யாருடா சொன்னது?" என்றார். "எங்கிட்ட பேனாவே இல்ல அன்னைக்கு. உன் சட்டைப் பாக்கெட்லேர்ந்துதான் எடுத்தேன். எடுக்கறப்போ என்னையே பாத்துட்டிருந்த. என் கையப் பிடிச்சுத் தடுக்கல."

கிளிஃப் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தான். அடக்கத்தன்றுகூட அழாதவன், அன்றுதான் அழுதான்.