தபசு வரைக்கும் ஒரு கயிறு

என் தங்கை தன் புருஷனுக்குக் காவலாக என்னைப் போர்ச்சுகல்லுக்கு அனுப்பி வைத்தாள். பூட்டிய சைக்கிளைப் பூட்டோடு பறிகொடுத்தவன் நான். என் காவலை எங்கள் வீட்டு நாய்கூட நம்புவதில்லை. அவளுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. வேறு ஆள் இல்லை.

"அண்ணே, அவிய கையில கயிறு கெடக்குல்லா, அதைப் பாத்துக்கிட்டே இரு. ஊரைச் சுத்திப் பாக்கேன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத" என்றாள்.

குருவிகுளம் போகிற வழியில் ஒரு முனியசாமி இருக்கிறார். குடியை விட நினைப்பவர்கள் அங்கே போய் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டும்போது பூசாரி "எதுவரைக்கும்?" என்று கேட்பார். ஆயுசுக்கும் என்று சொல்கிறவர்கள் குறைவு. மகள் கல்யாணம் வரைக்கும், பொங்கல் வரைக்கும் என்று ஒரு கெடு சொல்வார்கள். கெடுவுக்குள் குடித்தால் ரத்தம் கக்க வேண்டும் என்று பயம். கெடு முடிந்தால் கேட்க ஆள் இல்லை. மாப்பிள்ளை போன ஆடியில் "அடுத்த தபசு வரைக்கும்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். நாங்கள் விமானம் ஏறியபோது ஆனி பிறந்துவிட்டது. அடுத்த மாதம் ஆடித் தபசுத் திருவிழா.

கட்டுவதற்கு முன்னால் அவரைச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். அவருக்கு அங்கே கமிஷன் கடை. இன்னொரு தடவை ஆரம்பித்தால் ஈரல் தாங்காது, ஆள் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எனக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும். போர்ட்டோவில் வேலை பார்க்கும் அவர் மகளிடம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அவள் சந்தோஷமாக ஒயின் நிலவறைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

"மாமா, பழங்காலத்து எடம். மொட்டை மாடியில நின்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊரு முழுசும் தெரியும். அப்பாதான் ஒரு வருஷமா தொடுறதே இல்லையே, என்ன பயம்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். காரணம் கேட்பாளே என்று பயந்து, "அதுக்கென்ன, போவோம்" என்றேன்.

உள்ளே நுழைந்ததும் குளிர். கனத்த கல் சுவர். மங்கலான வெளிச்சத்தில் மரப் பீப்பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, எங்கள் ஊர்த் தேர்ச் சக்கரத்தைவிடப் பெரியதாக. அந்த வாசனையை எப்படிச் சொல்வது? ஈர மரம், கருப்பட்டிப் பாகு, உலர்ந்த திராட்சை, அடியில் சாராயம். மூக்கை வைத்தே மாப்பிள்ளை பிழைக்கிறார். மூட்டையைப் பிரிக்காமலே பூ எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார். அவர் நடையைக் குறைத்து மூச்சை இழுத்தார். விரல்கள் கயிற்றை உருட்டிக்கொண்டிருந்தன. நான் பீப்பாயைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தேன்.

சுற்றிக் காட்டிய பெண் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். "திராட்சைச் சாறு பாதி புளிச்சதும் பிராந்தியை ஊத்தி நிறுத்திருவாங்களாம்ப்பா. மிச்ச இனிப்பு அப்படியே உள்ள நின்னுருமாம்."

"என்னைய மாதிரின்னு சொல்லு. பாதியில நிறுத்தி வச்சிருக்கு" என்றார் மாப்பிள்ளை.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

கடைசியில் ருசி பார்க்கும் கூடம். ஆளுக்கு மூன்று கிளாஸ் வைத்தார்கள். அவர் முன்னால் இருந்த கிளாஸை அவர் பார்த்த பார்வையைக் கண்டதும் என் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்தாலே வம்புதான். என்னுடையதை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, அவருடையதை இழுத்துக்கொண்டேன்.

"மாமா, மெதுவா! சப்பிச் சப்பிக் குடிக்கணும்!"

"ருசியா இருக்குட்டி. உங்க அப்பாவுக்கு எதுக்கு, வேஸ்ட்டு."

"என்ன வே மச்சான், இருமல் மருந்தா அது? வீட்டுல தண்ணி காட்டுறதில்லையா?" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அவர் பார்வை என் முகத்தில் இல்லை. காலியாகிற கிளாஸில் இருந்தது.

தீபாவளிக்கு ஒரு பீர் குடித்தாலே மறுநாள் மோர் கேட்கிற உடம்பு என்னுடையது. ஆறையும் முடித்து மாடிக்கு ஏறியபோது படிகள் என்னைவிட வேகமாக ஏறின. கீழே ஆறு. இரும்புப் பாலம். எதிர்க்கரையில் மலைச்சரிவெல்லாம் சிவப்பு ஓட்டு வீடுகள், வெயிலில். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தேன். அசந்துவிட்டேன்.

கண் விழித்தபோது மகள் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"அப்பா எங்கட்டி?"

"பாத்ரூம் போறேன்னாங்க. போயி ரொம்ப நேரமாச்சு."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கூடத்தில் யார் யாரோ பாதி குடித்துவிட்டுப் போன கிளாஸ்கள் மேஜை மேஜையாக இருந்தன. அவற்றைத் தாண்டி, நிலவறைக்குப் போகும் வளைவில், ஒரு பீப்பாயில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"இங்கன என்ன வே செய்யுதீரு?"

"வாசனைதான் மச்சான். மோந்து பாக்க மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லலையே."

"குடிச்சீரா?"

"ஊதச் சொல்லும். ஊதுதேன்."

ஹைவேயில் போலீஸ்காரரிடம் ஊதுவதுபோல வாயைக் குவித்து என் முகத்தில் ஊதினார். நன்றாக இழுத்து மோந்தேன். இன்னொரு தடவை ஊதச் சொன்னேன். ஒயின் வாடைதான் அடித்தது. என் வாய், என் சட்டை, அந்தக் கட்டடம் முழுக்க அதே வாடை. காவல்காரன் ஆறு கிளாஸ் குடித்தபிறகு எதைக் கண்டுபிடிக்க?

"பாஸா?" என்றார்.

"பாஸ்" என்றேன்.

ஆற்றங்கரைக்கு இறங்குகிற சந்து செங்குத்து. கால் எனக்குத்தான் நிற்கவில்லை. என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவர்தான் இறக்கினார். மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மாப்ளே, ஊருக்குப் போனதும் சாமிகிட்டப் போயி மறுபடியும் கட்டிருவோம். தபசுக்கு முன்னாலயே."

"காலைப் பாத்து வையும். பல்லு போயிரும்."

"சொல்லும் வே."

"தபசு வரட்டும் மச்சான்."

அப்போது தங்கை வீடியோ காலில் வந்தாள். "உன் மூஞ்சி என்ன இப்படிச் செவந்து கெடக்கு?"

"இங்கன வெயிலு."

"கயிறு?"

என்னைப் பிடித்திருந்த கையை விடாமல், அவர் மறுகையை போனுக்கு நேரே தூக்கிக் காட்டினார். உருட்டி உருட்டிக் கயிறு ஓரிடத்தில் ஒற்றை நூலாகியிருந்தது. போனில் அது தெரிந்திருக்காது.

"இருக்கு" என்றேன் நான்.