மேல்தட்டில் கேட்ட செருப்புச் சத்தம்

சத்தியபாமா அக்காவோடு எனக்கு அறிமுகமே சண்டையில்தான் தொடங்கியது. ஒலிவாங்கியைப் பொருத்தி வைத்துவிட்டு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று இரண்டு தட்டு. ஒரு சின்ன இடைவெளி. பிறகு இன்னொரு டொக். பதிவு பாழ். மறுபடி ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் அதே இரண்டும் ஒன்றும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது திருச்சி முதல் ஒஸ்லோ வரை தெரிந்த விஷயம். எழுந்து போனேன். தச்சு வேலைக்காரர்களின் நீலக் கால்சட்டை, காதில் பென்சில், நெற்றியில் மெல்லிய திருநீறு. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தான் பொருத்திய பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தமிழா நீங்க? கொஞ்ச நேரம் தட்டாம இருங்களேன். ரெக்கார்டிங் போயிட்டிருக்கு."

"தட்டாமல் பலகை பிடிச்சிட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஒரு தட்டுல தெரியாதா? அது என்ன ரெண்டு, அப்புறம் ஒண்ணு?"

"அது எனக்குப் பழக்கம் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, அடுத்த பலகையைத் தூக்கினார். மன்னிப்பெல்லாம் கிடையாது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நானும் அதே ரகம் என்பதால் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டோம்.

கண்காட்சிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். அந்த வசந்த காலத்தில் துறைமுகத்தோரம் ஒரு பழைய கிடங்கில் கப்பல் கண்காட்சி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் மரமும் தானியமும் ஏற்றிக்கொண்டு திரிந்த ஒரு நோர்வேச் சரக்குக் கப்பலின் கதை அது. போர் வந்ததும் நேச நாட்டுக் கடற்படை அதை எடுத்துக்கொண்டு, ஐந்தே மாதத்தில் கட்டளைக் கப்பலாக மாற்றிவிட்டது. படைகள் கரையிறங்கும்போது தளபதிகள் கடலில் இருந்தபடியே உத்தரவு போடுவதற்கான கப்பல். தானிய மூட்டை கிடந்த அறையில் வரைபட மேசைகள் வந்தன. மரம் அடுக்கிய இடத்தில் அறுபது வானொலிக் கருவிகள் வந்தன. சரக்கு இல்லாமல் கப்பல் லேசாகித் தள்ளாடும் என்பதால் அடிவயிற்றில் கல்லும் இரும்பும் கொண்டுபோய்ப் போட்டார்கள். கப்பலானாலும் மனுஷனானாலும் பாரம் இல்லாமல் நிமிர்ந்து நிற்க முடியாது போலிருக்கிறது.

கண்காட்சிப் பொறுப்பாளர் மக்டலீன் ஒரு யோசனை வைத்திருந்தார். முதலில் பழைய சரக்கறையை அப்படியே நிஜ அளவில் கட்டுவது. அதைப் படம் பிடித்துக்கொள்வது. பிறகு அதன் உள்ளேயே கட்டளை அறையைக் கட்டி, சரக்கறையை மறைத்துவிடுவது. நிஜக் கப்பலில் நடந்ததும் அதுதானே என்றார். ஆக, சத்தியபாமா அக்கா பார்த்துப் பார்த்துக் கட்டிய சரக்கறைக்கு ஆயுள் இரண்டே வாரம்.

அக்கா தச்சரான கதை தனிக்கதை. தொண்ணூற்று இரண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்து, அண்ணன் யோகராசா கூப்பிட்டு நோர்வேக்கு வந்தார். அண்ணன் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் இருந்தார். அக்காவும் அங்கேயே நான்கு வருடம் மீன் வெட்டினார். "பெட்டியள் உடைஞ்சால் நான்தான் ஆணி அடிச்சுக் குடுக்கிறனான். ஃபோர்மன் பார்த்திட்டு, உனக்குக் கத்தியைவிடச் சுத்தியல்தான் சரி எண்டவன்." அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் ஒஸ்லோவுக்கு வந்து, தச்சு வேலை படித்து, ஃபாக்பிரேவ் என்கிற தொழிற்சான்றிதழ் வாங்கிவிட்டார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண்ணாம். ஹொல்ம்லியாவில் வீடு. தினம் ரயிலில் வருவார். சாப்பாட்டு டப்பாவில் எல்லாரையும் போல ரொட்டிதான், ஆனால் ரொட்டிக்குள் கத்தரிக்காய்ப் பொரியல்.

சரக்கறை கட்டி முடிந்த அன்று நான் அதற்கான ஒலியைப் போட்டுக் காட்டினேன். அலைச் சத்தத்தை அடுக்கடுக்காக, நான்கு நாள் உழைத்துச் செய்திருந்தேன். மக்டலீன் கை தட்டினார். அக்கா மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"உது பிழை. கப்பலுக்குக் கீழை கடல் இப்பிடிக் கேக்காது."

எனக்கு எரிச்சல். "ஏன், நீங்க சரக்குக் கப்பல்ல போயிருக்கீங்களா?"

"ஓம். போனனான். ஒன்பது வயசிலை."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். கொழும்பில் அவர்கள் வீடு எரிந்தது. நான்கு நாள் அகதி முகாம். பிறகு ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றி, யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். பெண்களையும் சிறு பிள்ளைகளையும் கீழே சரக்கறையில் இறக்கினார்கள். ஆண்கள் மேல்தட்டில். பதினான்கு வயது யோகராசாவும் ஆண்கள் கணக்கில் மேலே போனார். அப்பாவும் அங்கேதான்.

"கடல் எங்களுக்குக் கேக்கேல்லை பிள்ளை. எஞ்சின்ரை உறுமலும் மேலை நடக்கிற காலடியளும்தான். நான் அம்மான்ரை மடியிலை படுத்துக்கொண்டு மேலையே பார்த்துக்கொண்டு இருந்தனான். ஆயிரம் கால் நடந்தாலும் அப்பான்ரை காலடி எனக்குத் தெரியும். தோல் செருப்பு. இழுத்து இழுத்து நடப்பார். எங்களுக்கு நேர மேலை வந்து நிண்டு, திறப்புக்கோர்வையாலை இரும்பிலை தட்டுவார். டொக் டொக், டொக். நான் இஞ்சை நிக்கிறன், பயப்பிடாதை எண்டு சொல்லுறமாதிரி."

சாவிக்கொத்தைத்தான் அவர்கள் திறப்புக்கோர்வை என்கிறார்கள். அந்த இரண்டும் ஒன்றும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரோடு சண்டை போட்ட வாயை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டு இரவும் இரண்டு பகலும் அந்தத் தட்டு கேட்டதாம். காங்கேசன்துறையில் இறங்கினால் அப்பாவைக் காணோம். யோகராசா அண்ணன்தான் அம்மாவிடம் சொன்னார், சித்தப்பா முகாமுக்கு வந்து சேரவில்லை, அவரைத் தேடி அப்பா அதே கப்பலில் கொழும்புக்குத் திரும்புகிறார் என்று. அப்பாவும் வரவில்லை, சித்தப்பாவும் வரவில்லை.

"அம்மா சாகும்வரைக்கும் அதைத்தான் சொல்லுவா. இரண்டு நாள் தலைக்கு மேலை நடந்த மனுசன், ஒருக்கா ஏணியாலை இறங்கி வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போயிருக்கலாம் எண்டு. எனக்கும் அந்தக் கோவம் இருக்கு. கோவமும் இருக்கு, ஆசையும் இருக்கு. அப்பான்ரை முகம் எனக்கு இப்ப வடிவா ஞாபகம் இல்லை ஸ்ரீதேவி. அந்தச் சத்தம் மட்டும்தான் என்னட்டை மிச்சம்." பலகைச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமை இதை மூடிப்போடுவினம். அதுக்கு முதல் ஒருக்கா, இஞ்சை கீழை படுத்துக்கொண்டு அதைக் கேக்கோணும். உம்மாலை செய்ய ஏலுமோ?"

செய்ய ஏலுமோவா! அது என் தொழில் அல்லவா? அலைச் சத்தத்தை அன்றே அழித்தேன். ஒஸ்லோவின் கிரென்லாண்ட் கடைத்தெருவில் கடை கடையாக ஏறித் தோல் செருப்பு வாங்கினேன். சரக்கறையின் கூரை நிஜ இரும்புத் தகடு. அதன் மேல் ஏறி நடந்து பார்த்தேன். கீழே படுத்திருந்த அக்கா, "உது பொம்பிளை நடை," என்றார். எங்கள் மின்சார வேலைக்காரரை நடக்கவைத்தேன். "உது நோர்வேக்காரன் நடை." பதிவு செய்த சத்தத்தை மெதுவாக்கி, கனமாக்கி, எதிரொலி சேர்த்து என்னென்னவோ செய்தேன். அக்கா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக் கேட்பார். ஒவ்வொரு முறையும் முகம் கொஞ்சம் வாடும். ஒருவருக்காக இத்தனை தவித்து நான் எந்த வேலையும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கே உறைத்தது. "அக்கா, உங்க அண்ணன் அப்பா பிள்ளைதானே? அவர் நடந்தா அந்த நடை வராதா?"

யோகராசா அண்ணன் விடுப்பில்தான் இருந்தார். மகள் கம்சிகா ஒஸ்லோவிலேயே ரொம்சோஸில் இருந்தாள். அவளைப் பார்க்க எப்படியும் வரவேண்டியவர், அக்கா தொலைபேசியில் கூப்பிட்டதும் விமானம் ஏறிவிட்டார். எதற்கு என்று அக்கா சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கப்பல் பேச்சை எடுத்தாலே அண்ணன் எழுந்து போய்விடுவாராம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மக்டலீனிடம் சாவி வாங்கித் திறந்தேன். யோகராசா அண்ணன் ஒல்லியான, உயரமான மனிதர். மீன் குளிரில் முப்பது வருடம் நின்ற கைகள், விரல்கள் சற்று வளைந்திருந்தன. சரக்கறையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி பாமா இது?"

"நான் கட்டினது. திங்கக்கிழமை மூடப் போகினம். அண்ணா, ஒரேயொரு உதவி. மேலை ஏறி அப்பாமாதிரி நடவுங்கோ. நான் கீழை இருந்து கேக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். செருப்பு அவர் காலுக்கு அளவாகவே இருந்தது. அக்கா கீழே வெறும் பலகையில் மல்லாந்து படுத்தார். நான் ஒலிவாங்கியோடு மூலையில் உட்கார்ந்தேன்.

மேலே காலடி கேட்டது. நிதானமான, அழுத்தமான, ஒரே சீரான நடை. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பிடி இல்லை அண்ணா. இழுத்து நடவுங்கோ. அப்பா கப்பலிலை செருப்பை இழுத்து இழுத்தெல்லோ நடந்தவர்."

நடை நின்றது. அக்கா இன்னொரு முறை கூப்பிட்டார். அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியால் இறங்கி வந்தார். அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா ஒருநாளும் இழுத்து நடந்தவர் இல்லை பாமா. இப்ப நான் நடந்தது, அதுதான் அப்பான்ரை நடை."

"எனக்குத் தெரியும் அண்ணா. நான் கேட்டனான்."

"நீ கேட்டது என்னை. அப்பா கப்பலிலை ஏறேல்லை."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பாவை விட்டிட்டு வரமாட்டன் எண்டிட்டார். தான் கொழும்பிலை நிக்கிறது தெரிஞ்சால் அம்மா ஏறமாட்டா. அம்மா ஏறாட்டில் நீயும் இல்லை, நானும் இல்லை. துறைமுகத்திலை செருப்பைக் கழட்டித் தந்தார், திறப்புக்கோர்வையைத் தந்தார். மேலை நடந்துகொண்டிரு, அப்பப்ப தட்டு, நான் நிக்கிறன் எண்டு நினைக்கட்டும் எண்டு சொன்னார். செருப்பு எனக்குப் பெரிசு பாமா. அதுதான் இழுபட்டது."

நான் அங்கே இருந்திருக்கக் கூடாது. எழுந்து போகவும் முடியவில்லை.

"காங்கேசன்துறையிலை உண்மையைச் சொல்லு எண்டுதான் அப்பா சொன்னவர். இறங்கி வாற ஒவ்வொரு ஆம்பிளையின்ரை முகத்தையும் அம்மா பார்த்துக்கொண்டு நிண்டா. ஏமாத்தினது நான்தான் எண்டு எப்பிடிச் சொல்ல? வாயிலை வந்தது, திரும்பிப் போயிட்டார் எண்டு. பிறகு அதைத் திருத்த எனக்கு நாளே வரேல்லை."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வருடம் காதில் வைத்துக் காத்த சத்தத்தை ஒரு நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் ஆறும்? நானாக இருந்தால் அந்தக் கிடங்கே அதிர்ந்திருக்கும். ஆனால் அவர் குனிந்து, அண்ணன் கையில் இருந்த செருப்பைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப, அப்பா வெறுங்காலோடையே திரும்பிப் போனவர்?"

"ஓம்."

"மத்தியானம் எல்லோ கப்பல் வெளிக்கிட்டது. கால் சுட்டிருக்கும்."

அப்போதுதான் அழுதார். கோபத்தில் அழவில்லை. முகம் காட்டாமல் போன அப்பா என்று இத்தனை வருடம் அவர் நினைத்திருந்த மனிதர் அப்படிப் போகவே இல்லை. அந்த மனிதரை இனி எங்கே பிடித்து, மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா என்று சொல்வது? அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் யோகராசா அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்டு கேக்கவோ? இரண்டு நாளும் நான் நித்திரை கொள்ளாமல் நடந்தனான். சனத்தை மிதிச்சு ஏச்சு வாங்கினனான். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறியள் எண்டுகூட எனக்குச் சரியாத் தெரியாது. உத்தேசமாத்தான் தட்டினனான். கீழை கேட்டதோ இல்லையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேலை போங்கோ," என்றார். "நீங்கள் அண்டைக்கு நடந்தமாதிரி நடவுங்கோ."

அவர் ஏறினார். இந்த முறை செருப்பைக் குதிகாலில் விட்டு இழுத்தார். சர்ரக், சர்ரக் என்று இரும்பின் மேல் வந்து, எங்கள் தலைக்கு மேல் நின்றது. சட்டைப் பையில் இருந்து சாவிகளை எடுக்கும் கிலுகிலுப்பு கேட்டது. டொக் டொக். டொக்.

ஒன்பது வயதில் அந்தக் கூரை எட்டாத உயரத்தில் இருந்திருக்கும். அக்கா தன் கருவிப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றார். சுத்தியலை எடுக்கவில்லை. கையை உயர்த்தி, விரல் முட்டியால் இரும்புத் தகட்டில் இரண்டு தட்டு, பிறகு ஒரு தட்டு.

மேலே யோகராசா அண்ணன் தகட்டுக்கு வாயைக் கிட்ட வைத்துச் சொல்வது கேட்டது.

"ஓம் பாமா. கேட்டது."