மேஜர் மேடம் எழுத மறுத்த வரி

இராணுவ மருத்துவ பீடத்தின் கூட்ட அறையில், மேஜர் மேடம் தொப்பியை மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. எலிக்காய்ச்சல் சிலருடைய சிறுநீரகத்தை மட்டும் ஏன் சிதைக்கிறது என்று ஆராய அவர் நிதி கேட்டிருந்தார். நான் அவருடைய ஆய்வுகூட உதவியாளர். தலைமை வகித்த பிரிகேடியர் சிங்களத்தில் சொன்னார்: "சீக்கிரமே தடுப்பூசி வரும் என்று ஒரு வரி சேருங்கள். இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

"வருமா என்று எனக்குத் தெரியாது, சேர். தெரியாததை எழுத மாட்டேன்."

நிதி கிடைக்கவில்லை. எனக்கு மேடம்மீதுதான் கோபம் வந்தது. றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவைக் கொண்டுபோனது அந்தக் காய்ச்சல்தான். ஒரு வரியில் என்ன வந்துவிடப் போகிறது?

அடுத்த விடுமுறையில் மேடம் என்னோடு தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுபடி விண்ணப்பித்து ஆய்வு தொடங்கினால், காய்ச்சலில் பிழைத்தவர்கள் இரத்தம் தருவார்களா என்று கேட்க வேண்டியிருந்தது. பிளேன்டீயை நீட்டியபடியே அம்மா கேட்டார்: "இதுல மருந்து கெடைச்சிருமாங்க?"

"தெரியாது, அம்மா. பொய் சொல்ல விருப்பம் இல்ல," என்றார் மேடம், தனக்குத் தெரிந்த தமிழில்.

அம்மா மேடத்துக்கு எதிரே உட்கார்ந்தார். "இவங்கப்பாவும் பக்கத்துக் காம்பராவுல குடியிருக்க அண்ணனும் ஒரே தண்ணிக் கான்ல எறங்கித்தாங்க வேல செஞ்சாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் காய்ச்சல். அவரு எந்திரிச்சு வந்துட்டாரு, இவரு வரல. ஏன்னு யாருமே சொல்லலங்க. நீங்களாச்சும் தேடுங்க." சொல்லிவிட்டு அந்த அண்ணனைக் கூப்பிடப் போனார். என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. மீட்புக்குப் போன சிப்பாய்கள் இருவர் அதே காய்ச்சலோடு அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தார்கள். ஒருவன் விரைவில் எழுந்து நடந்தான். மற்றவனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டி வந்தது. பார்க்க வந்த பிரிகேடியர் அவனருகே நெடுநேரம் நின்றார்.

"ஏன் இவனுக்கு மட்டும்?"

"அதைத்தான் சேர் ஆராயக் கேட்டேன்," என்றார் மேடம். குரலில் குத்தல் இல்லை.

அந்தச் சிப்பாய் பிழைத்துக்கொண்டான். தடுப்பூசி பற்றிய வரி இல்லாமலே ஆய்வுக்கு நிதியும் வந்தது.

மேடம் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அண்மையில், சிறுநீரகம் சிதையாமல் பிழைத்தவர்களின் இரத்தத்தில், மற்றவர்களிடம் இல்லாத ஒரு சின்ன வேறுபாடு எங்களுக்குத் தென்பட்டது. காரணம் அதுதானா, தற்செயலா என்று சொல்ல முடியவில்லை. படபடப்போடு மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பிறகு சிரித்தார்.

"நல்லது. மறுபடியும் செய்து பாருங்கள்."

செய்துகொண்டிருக்கிறோம்.