கறுப்புக் கரை போட்ட கடிதம்

முதலில் மன்னிப்பு. இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதுவதில் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் வாரா வாரம் சரிசெய்கிற அச்சுக்கோர்ப்பவர், போன தடவை வழியில் என்னைக் கண்டதும் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதப் பல நாள் தயங்கினேன். தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுவதா என்ற கூச்சம்தான். ஆனால் நடந்தது நடந்ததுதானே?

நான் ஒரு ரப்பர் கம்பெனி ஆபீஸில் பியூன். சிராங்கூன் சாலையில் பலர் எங்கள் கம்பெனி ஷேர் வைத்திருக்கிறார்கள். பால்காரர் மாடசாமிக் கோனார் இரண்டு கறவை மாடுகளை விற்று வாங்கினார். அப்போது ரப்பர் விலை ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு இறங்கியது. ஷேரும் கூடவே இறங்கியது.

“கம்பெனி என்னப்பா சொல்லுது?” என்று தினமும் என்னை வழிமறிப்பார் கோனார்.

கம்பெனி எதுவுமே சொல்லவில்லை. ஊர் சும்மா இருக்குமா? தோட்டத்தில் தீ என்றது ஒரு வாய். துரை கப்பல் ஏறிவிட்டார் என்றது இன்னொரு வாய். துரையோ மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்!

ஒருவழியாகத் துரை எல்லோருக்கும் கடிதம் எழுதினார். எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க், யாழ்ப்பாணத்துத் தலைமைக் கிராணி, அதைத் தமிழில் எழுதினார். வீடு வீடாகக் கொடுக்க நான் புறப்பட்டேன். முதலில் கோனார் வீடு.

கோனார் வாசலில் நின்று உறையை வாங்கினார். பார்த்தார். முகம் வெளுத்தது. பிரிக்கக்கூட இல்லை. கிழித்துத் தெருவில் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து கிழிசலைப் பொறுக்கினேன்... சுற்றிலும் கறுப்புக் கரை!

இங்கிலாந்து மன்னர் காலமானதிலிருந்து எங்கள் ஆபீஸில் எல்லாத் தாளுக்கும், எல்லா உறைக்கும் கறுப்புக் கரைதான். வெள்ளைக்காரர் துக்கம் காக்கும் முறை அது. நம்மவர் வீட்டுக்குக் கறுப்புக் கரையோடு ஒரு காகிதம் வந்தால் என்ன அர்த்தம்? வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். மாதக்கணக்காக அதையே சுமந்த எனக்குக் கண் பழகிப்போயிருந்தது.

“கம்பெனி செத்துப்போச்சுன்னு நேரா சொல்லக் கூடாதா? அதையும் நீயே கொண்டாந்து குடுக்கிறியே!” என்றார் கோனார், ஈரத் தலையோடு. “மத்தியானம் புரோக்கர் வர்றான். வந்த விலைக்குத் தள்ளிவிடப் போறேன்.”

“அண்ணே, அது அப்படி இல்லண்ணே...”

“போப்பா!”

ஆபீஸுக்கு ஓடினேன். கிராணியிடம் சொன்னேன். “உமக்கென்ன விசரே? இதையெல்லாம் துரையிட்டச் சொல்லேலுமே?” என்றார். விசர் என்றால் அவர் ஊரில் பைத்தியம்.

பத்து வருஷத்தில் துரையிடம் நான் பேசியது ‘யெஸ் சார்’ மட்டும்தான். அன்றைக்கு எப்படி மாடி ஏறினேன்? இன்னும் தெரியவில்லை. கரைத் தாளை மேஜைமேல் வைத்து, எனக்குத் தெரிந்த பஜார் மலாயில் சொன்னேன்: “துவான், ஈனி சூராட் மாத்தி.” துரை, இது சாவுக் கடிதம்!

துரை சிரித்தார். கோனார் தலை முழுகியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கிராணியைக் கூப்பிட்டார்.

கிராணி ஒரு யோசனை சொன்னார். “வேற தாளில எழுதி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி விடுவம். சனம் சந்தோசப்படும்.”

“வேணாங்கய்யா,” என்றேன். என் குரல்தானா அது? “மஞ்சள் கல்யாணத்துக்கு. விலை விழுந்தது கல்யாணமா? வெறும் வெள்ளைத் தாள் போதும். விலை விழுந்திருக்குன்னு முதல் வரியிலேயே எழுதுங்க. மரம் நல்லா நிக்குதுன்னு அப்புறம் எழுதுங்க.”

கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டினார்.

வெள்ளைக் கடிதத்தோடு நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது, புரோக்கர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தான். மூச்சு வாங்க, எழுத்துக் கூட்டி வாசித்தேன். விலை பாதியாகிவிட்டது. இந்த வருஷம் லாபப் பங்கு கிடையாது. மரங்கள் நன்றாக நிற்கின்றன, ரப்பர் பால் வெட்டு நடக்கிறது, கடன் இல்லை.

கோனார் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். “லாபம் கெடையாதுன்னு அவனே சொல்றானா?”

“சொல்றாருண்ணே.”

“அப்ப மரம் நிக்குறதும் நிசமாத்தான் இருக்கும்.” புரோக்கர் பக்கம் திரும்பினார். “தம்பி, பால் குடிச்சிட்டுக் கெளம்பு. ஷேரு விக்கிறதுக்கில்ல.”

கெட்ட செய்தியைச் சொன்னால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று பெரிய மனிதர்கள் பயப்படுகிறார்கள். ஜனங்களை ஓடவைப்பது மௌனம்தான். கெட்டதை ஒளிக்காதவன் சொல்கிற நல்லதைத்தானே நாம் நம்புகிறோம்?

ஷேர் விலை இன்னும் ஏறவில்லை. ஏறும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் இப்போது மாதம் ஒரு கடிதம் போகிறது. தமிழ்க் கடிதம் எது போனாலும், உறையில் போடும் முன் கிராணி என்னைக் கூப்பிட்டு, “இதை ஒருக்காப் பாரும்” என்கிறார். மூன்றாம் வகுப்புப் படித்த என்னை!

எழுதி முடித்தது: சாதாரண வருஷம், ஆவணி மாதம், ஐந்தாம் நாள். வெள்ளைத் தாளில்தான்.