இழுப்பு

எங்கள் பக்கத்தில் மூச்சுவிட முடியாமல் திணறுகிற வியாதிக்கு இழுப்பு என்று பெயர். பாட்டை நீட்டி நீட்டிப் பாடினால் அதற்கும் இழுப்பு என்றுதான் பெயர். என் வீட்டுக்காரருக்கு இரண்டும் இருந்தன. அது ஊருக்கே தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார். கோயில் என்றால் சிலுவை வைத்த கோயில். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் உள்ளே இறங்கினால் வரும், ஓடு போட்ட சின்னக் கட்டடம். எங்கள் தெரு மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி வந்தபோதே அந்த ஆர்மோனியப் பெட்டி அவர் கையில்தான் இருந்தது.

மில்லில் தவிட்டுத் தூசியில் நின்று நின்று அவர் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இரண்டு அடி பாடுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். பாதியில் நிறுத்தினால் மானம் போய்விடும் அல்லவா? அதனால் இரண்டாம் அடியின் கடைசிச் சொல் முடிந்ததும் ஆர்மோனியத்தில் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்வார். விரல் சும்மா இருக்காது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று அதைச் சுற்றிச் சுற்றி வரும். துருத்தியை அழுத்துகிற சாக்கில் குனிந்து மூச்சைச் சேர்த்துக்கொள்வார். சேர்ந்ததும் தலையை நிமிர்த்தி மூன்றாம் அடிக்குப் போவார். கேட்டவர்கள் சொக்கிப்போவார்கள். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும் அதே பேச்சுதான். "இன்னா இழுப்பு இழுக்கிறாருப்பா!"

எனக்கு ஒரு சொக்கலும் கிடையாது. பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு மூச்சு வரும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். அவர் நிமிர்ந்த பிறகுதான் எனக்குப் பாட்டே வரும்.

கொஞ்ச காலத்தில் ஊரே அப்படிப் பாட ஆரம்பித்தது. பிள்ளையைத் தூங்கவைக்கிறவளும் இரண்டாம் அடியில் இழுத்து நின்றாள், நாற்று நடுகிறவளும் நின்றாள். கட்டிக்கொடுத்த பெண்கள் போன ஊர்களுக்கெல்லாம் அதைச் சீர்வரிசையோடு கொண்டுபோனார்கள். பக்கத்துத் தெரு பஜனைக்காரர்கள் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்து போகும்போது பாடுகிற பாட்டிலும் அது நுழைந்துவிட்டது. அவர்களிடம் போய் இது எங்கள் வீட்டுச் சரக்கு என்று சொன்னால், எங்க பாட்டன் காலத்துப் பாட்டு என்று சண்டைக்கு வருவார்கள். ஏர் பிடித்து உழுகிற ஆட்கள், மூட்டை தூக்குகிற ஆட்கள், எல்லோரும் இரண்டு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்கள். உனக்கெல்லாம் இன்னா கேடு, நெஞ்சு நல்லாத்தானே கீது என்று கேட்க வாய் வரும். ஆனால் அவர் விடமாட்டார்.

"அவங்க ராகம்னு நெனச்சிக்கினு கீறாங்க. நெனச்சிக்கினு போவட்டும், வுடு" என்பார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்துக் காலையில், வேலைக்குக் கிளம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஒருத்தி தொடையில் கிள்ளிக்கூடப் பார்த்தாள். வலித்தது, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினார்கள். பெட்டி இல்லை, வாய்ப்பாட்டுதான். இரண்டாம் அடி முடிந்ததும் யாரும் சொல்லாமலேயே ஊர் மொத்தமும் இழுத்து நின்று மூச்சு வாங்கியது. மூச்சு தேவைப்பட்ட மனுஷன் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். யாராவது இதை நிறுத்துங்களேன் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நாள்கள் போயின, நானும் அவற்றோடு போனேன். உலையில் அரிசி போட்டேனா என்று மூடியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மரத்துப்போன காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படித்தான் எல்லாமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் அந்த ஒரு இடம் மட்டும் உள்ளே இறங்கும். அவர்கள் இழுக்க ஆரம்பித்ததும் குனிந்த முதுகு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். நிமிராது. அவர்கள் பாட்டுக்கு மூன்றாம் அடிக்குப் போய்விடுவார்கள். நான் அந்த முதுகோடு நின்றுகொண்டிருப்பேன். அந்த இழுப்பு ஒழிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

அம்பத்தூருக்கு வேலை தேடிப் போன எங்கள் தெரு ஆள் ஒருவர், ஒரு லீவு நாளில் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "அக்கா, அங்க கோயிலுக்குப் போனேன். பழக்கத்துல ரெண்டாவது அடியில இழுத்துட்டேன். எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. பின்னால ஒரு பொம்பள, அவளும் இழுக்கறா! விசாரிச்சா நம்ம ஊர்ல பொறந்தவ, அங்க கட்டிக்குடுத்து கீறாங்க. அவ வூட்டுக்காரரு கம்பெனில சூப்பர்வைசர். அவருதான் உள்ள சேத்துவுட்டாரு. உங்க வூட்டுக்காரர் இழுப்புதான்க்கா எனக்குச் சோறு போடுது."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் காபி போட்டுக் கொடுத்தேன். அந்த இழுப்பு எனக்கு என்ன செய்தது என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். அவர் மேல் தப்பு இல்லை. ஆனாலும் இனிப்பை நான் தொடவில்லை.

எங்கள் சபைக்குப் புது ஐயர் வந்தார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதல் ஞாயிறே முகத்தைச் சுளித்தார். "ரெண்டாவது அடியில என்னத்துக்கு நிக்கீங்க? தாளம் அங்க நிக்கலையே?" என்றார்.

"அது எங்க ஊரு ராகம் ஐயரே" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே குரலாக வந்தது. அவர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் பிரசங்கத்துக்குப் போனார்.

மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். "ஐயரே, அது ராகம் இல்லீங்க. என் வூட்டுக்காரருக்கு மூச்சு முட்டும், அதுக்கு நின்னாரு. இவங்க அவரு வியாதியப் பாடிகினு கீறாங்க. எனக்குக் கேக்க முடியல. நிறுத்திடுங்க."

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "விஷயத்தைச் சபையில சொல்லிருவோமாம்மா?" என்றார்.

"வேணாங்க. பெருமையா நெனச்சிக்கினு கீறாங்க, அது இருக்கட்டும். பாட்ட மட்டும் மாத்துங்க."

அவர் சனிக்கிழமை சாயங்காலங்களில் எல்லோரையும் உட்காரவைத்து, மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. கேட்டு வாங்கிய எனக்கு எதற்கு வகுப்பு என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பிடித்த அந்தக் கீர்த்தனையை எடுத்தார்கள். முதல் அடி பாடினேன். இரண்டாம் அடி பாடினேன். அதன் கடைசிச் சொல் என் வாயிலேயே நீண்டது, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஊர் நிற்கவில்லை. ஒருவர்கூட நிற்கவில்லை. மொத்தப் பேரும் கைத்தட்டலோடு மூன்றாம் அடிக்குப் போய், நான்காம் அடிக்கும் போய்விட்டார்கள். முதுகும் வரவில்லை, முகமும் வரவில்லை. அவர் குனிந்து மூச்சு வாங்க இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தை நானே கேட்டு மூடியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் வராதது, கிள்ளியும் வராதது, பாயில் உட்கார்ந்த இடத்தில் சத்தமாக வந்தது.

பக்கத்தில் இருந்தவள் பாட்டை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள். நான் புதுமாதிரியில் பாடத் தெரியாமல் எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"இதுக்குப் போயி அழுவறியாக்கா? அங்க இப்ப நிக்கறது இல்ல, நேராப் போயிடணும். ரெண்டு வாரத்துல பழகிடும், வா" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சரணத்தைப் பாட ஆரம்பித்தாள்.