தங்கை பெயரில் நான் கட்டிய கார்

கார் வாங்கியபோது நான் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தேன். மலேசியச் சம்பளச் சீட்டு இருந்தால் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்றார் கார் விற்றவர். என் தங்கை இங்கே ஜொகூர் பாருவில் அரசாங்க மருத்துவமனைத் தாதி. கடனை அவள் பெயரில் எடுத்தோம். மாதத் தவணையை நான் கட்டினேன். எங்கள் குடும்பங்களில் இது சாதாரணம். யார் பெயரில் எளிதாகக் கிடைக்குமோ அவர் பெயரில் எடுப்போம், ஓட்டுகிறவர் கட்டுவார்.

ஒரு தவணையும் நான் தவறவிட்டதில்லை. நாள் வருவதற்கு முன்பே கட்டிவிட்டு, டைரியில் அதை ஒரு வரி எழுதி வைப்பேன். வேறு கடன் கிடையாது. கிரெடிட் கார்டு வைத்துக்கொண்டதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற ஆண்டு தங்கை பெர்மாஸ் ஜெயாவில் வீடு வாங்கினாள். குடிபுகுந்த அன்று அவள் கணவர் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேங்க்ல ஒண்ணுமே கேக்கல லா. கார் லோன்ல ஒரு மாசம்கூட லேட் இல்லயாம். இவ ரெக்கார்டு அவ்வளவு சுத்தம்."

"அண்ணனுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று தங்கை சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

சில வாரங்களில், தம்போயில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரை வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். முதல் வாய்ப்பு எங்களுக்குத்தான். மூன்று மாதம் பொறுப்பதாகவும் சொன்னார். பிள்ளைகள் வளர்ந்த வீடு. வேறெந்த வீட்டையும் நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கியில் இருந்த தமிழ்ப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், உங்க பேர்ல ஒண்ணுமே இல்லயே."

"கடன் இல்லன்னா நல்லதுதானம்மா?"

"நல்லதுதான். ஆனா நீங்க எப்படிக் கட்டுவீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கார்டு எடுங்க. பெட்ரோலுக்கு மட்டும் வச்சுக்குங்க. பில் வந்ததும் முழுசாக் கட்டிடுங்க. ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

"கார் லோன் ஒழுங்கா கட்டியிருக்கேன்."

"யார் பேர்ல அங்கிள்?"

எழுந்து வந்துவிட்டேன்.

என் மனைவி தங்கைக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். மறுநாளே தங்கை வந்து நின்றாள்.

"இதுக்கா அண்ணே யோசிக்கிறீங்க? எனக்கு இன்னொரு லோன் கெடைக்கும். இந்த வீட்டையும் என் பேர்ல எடுத்துடலாம். நீங்க கட்டுங்க."

"வேணாம். உன் பேரு ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு."

அவள் முகம் மாறியது. "நானா என் பேர்ல கார் எடுக்கச் சொன்னேன்? நீங்க கேட்டீங்க, கையெழுத்துப் போட்டேன். நீங்க கட்டாம விட்டிருந்தா பேங்க்காரன் யார் வீட்டுக்கு வந்திருப்பான்?"

அவள் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிந்தது. காப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

"உங்களுக்கு வீடு வேணுமா, பேரு வேணுமா?" என்றாள் மனைவி.

"ரெண்டும்."

"அப்ப ரெண்டும் இல்லாம இருங்க."

வீட்டை ஸ்கூடாயிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனோம்.

இப்போது என்னிடம் ஒரு கார்டு இருக்கிறது. பெட்ரோல் மட்டும்தான். பில் வந்த அன்றே கட்டிவிடுகிறேன்.

தங்கை கோபத்தை நீடிக்கவில்லை. வரும்போதெல்லாம், "வீடு பாக்குறீங்களா அண்ணே?" என்று கேட்கிறாள். அன்பாகத்தான் கேட்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். தன் வீட்டுக்கும் கூப்பிடுகிறாள். வங்கிப் பெண் சொன்ன ஒரு வருடத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. என் பெயரில் ஒரு கடன் கிடைக்கும்வரை பெர்மாஸ் ஜெயா பக்கம் நான் போவதாக இல்லை.